கேஸ் ரொப்பும் முன் அறையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

29 ஆண்டுகளாக ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறேன். முழங்கால் வலி வந்ததிலிருந்து ஏணி ஏறுவதில்லை. என்னிடம் வேலை கற்ற இரண்டு பையன்கள் மேலே ஏறுகிறார்கள், நான் கீழே நின்று சொல்கிறேன். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: ஏசி ஓடியும் படுக்கையறை குளிரவில்லை, மின்கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, இதைவிடப் பெரிய மெஷினாக வாங்கிவிடலாமா என்று. அவருக்கு நாலு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோடையில் எனக்கு வரும் பத்து அழைப்புகளில் பாதி இதே கேள்விதான் என்பதால் கடிதம் நீண்டுவிட்டது. இடம் இருந்தால் முழுவதையும் வெளியிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேல்மாடி வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, படுக்கையில் இருக்கும் தன் கணவருக்காகத்தான் ஏசி போட்டிருந்தார். "தம்பி, மூணு பேர் வந்து மூணு தடவை கேஸ் ரொப்பிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு நல்லா இருக்கும். மறுநாள் மத்தியானம் பழையபடி காத்துதான் வருது" என்றார். கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜை நான் மாட்டவில்லை. முதலில் வெளியே போய் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தேன். மழையும் வெயிலும் படக்கூடாது என்று அவர் மகன் தடிமனான தார்ப்பாயில் உறை தைத்து மாட்டியிருந்தார். முன்பக்கம் மட்டும் திறந்திருந்தது. பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் மூடல். அந்த யூனிட் பின்னாலிருந்துதான் காற்றை இழுக்கும், முன்னால் தள்ளும். இழுக்க வழி இல்லாததால் முன்னால் தள்ளிய சூடான காற்றையே சுற்றி வளைத்து மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. வெளியில் 37 டிகிரி. உறைக்குள் தெர்மாமீட்டரை வைத்தேன், 51 காட்டியது. உறையைக் கழற்றி அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு அதே இடத்தில் 39. உள்ளே, இண்டோர் யூனிட் வாயில் 20 டிகிரியாக வந்துகொண்டிருந்த காற்று 13-க்கு இறங்கியது.

எனக்கு முன் வந்த மூன்று பேரும் வேலைக்காக உறையைக் கழற்றியிருக்கிறார்கள், போகும்போது பொறுப்பாக மறுபடி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் நன்றாக இருந்ததன் காரணம் அதுதான். கேஸ் குறையவே இல்லை. மூன்று முறை ரொப்பியதில் அளவுக்கு மேல் இருந்தது. அதனால் அழுத்தம் ஏறி, கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் சூடாகி, சூடு மிஞ்சினால் அதை நிறுத்தும் ஓவர்லோட் விழுந்து, ஆறி, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கூடுதல் கேஸை சிலிண்டரில் எடுத்துவிட்டு, ஃபில்டரைக் கழுவிப் போட்டுவிட்டு வந்தேன். அந்த ஐயா போர்வையை இழுத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று கோடை வாரங்கள் ஒரு தார்ப்பாய்க்காக அவர் புழுங்கியிருக்கிறார்.

வாசகர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றது தானாக விளங்கும்: ஏசி என்பது ஒரு சுமைதூக்கி. அறைக்குள் இருக்கிற வெப்பத்தை அள்ளி, செம்புக் குழாயில் ஓடும் கேஸ் வழியாகக் கொண்டுபோய், வெளியே கொட்டுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொடுத்தால் சுமார் மூன்று யூனிட் அளவு வெப்பத்தைச் சுமந்துவிடும். நல்ல மெஷின் அதற்கும் மேலே சுமக்கும். கொட்டுகிற இடம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் வேலை கடினம். அப்புறம், சுமக்க வேண்டிய வெப்பம் எவ்வளவு என்பது நம் கையில் இருக்கிறது. பெரிய மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது, மூட்டையைக் குறைக்க முடியுமா என்று பார்த்தீர்களா என்பதுதான்.

டன் என்ற கணக்கே இந்தச் சுமையின் கணக்கு. மெஷினின் எடை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மெஷின் வருவதற்கு முன் ஐஸ் கட்டியை வைத்துத்தான் குளிர்வித்தார்கள். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அது ஒரு டன். இன்றைய அளவில் சுமார் மூன்றரை கிலோவாட். ஒன்றரை டன் ஏசி நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 1,360 கிலோ ஐஸின் வேலையைச் செய்கிறது. ஒரு படுக்கையறையில் அத்தனை ஐஸை அடுக்கியும் அறை குளிரவில்லை என்றால், ஐஸ் போதவில்லை என்று சொல்வோமா, எங்கேயோ அடுப்பு எரிகிறது என்று தேடுவோமா?

அந்த அடுப்பு பெரும்பாலும் ஜன்னல்தான். என் சொந்த வீட்டில் நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். எங்கள் படுக்கையறை மேற்குப் பார்த்தது. மாலை மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணாடியில் விழும். உள்ளே தடித்த திரை போட்டிருந்தோம். வெளிச்சம் குறைந்தது, சூடு குறையவில்லை. சாதாரணக் கண்ணாடியில் நேர் வெயில் விழுந்தால் ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோவாட்டுக்குக் குறையாமல் வெப்பம் உள்ளே வரும். எங்கள் ஜன்னல் இரண்டு சதுர மீட்டர். ஒரு கிலோவாட் ஹீட்டரை ஓடவிட்டுக்கொண்டே ஏசியும் போட்ட கணக்கு. திரை உள்ளே இருந்தால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் அது தடுக்கும். திரையே சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள் விடும். என் மனைவிதான், "வெயில உள்ள விட்டுட்டு அப்புறம் எதுக்குத் துரத்தணும், வெளியிலயே நிறுத்துங்க" என்றாள். பச்சை நிழல்வலையை ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காற்று நடுவில் போகிற மாதிரி கட்டினோம். அவள் மீட்டரை தினமும் காலையில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். வலை கட்டுவதற்கு முந்தைய வாரம் வீட்டு மொத்தச் செலவு நாளுக்கு 14, 15 யூனிட். கட்டிய பிறகு அதே வெயிலில் 11-க்கு வந்தது. 20-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்த எனக்கு, அந்த மூன்று யூனிட்டைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய நோட்டு.

மேல்மாடியில் இருப்பவர்களுக்கு ஜன்னலைவிடக் கூரைதான் பெரிய சங்கடம். காங்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, மெதுவாக, பொழுது சாய்ந்த பிறகுதான் அதை உள்ளே இறக்கும். வெளியே காற்று ஆறியபின்னும் அறை தகிப்பது அதனால்தான். இரவு பத்து மணிக்கு நாற்காலி மேல் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால், காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தாலும் உடம்பு புழுங்கும். கூரையின் சூடு கதிராக நேரே நம் மேல் இறங்குகிறது, காற்றைக் குளிர்விக்கும் மெஷினால் அதை முழுவதும் மறைக்க முடியாது. கூரையின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தாலே வித்தியாசம் தெரியும். கூரைக்கு மேல் இடைவெளி விட்டு நிழல் அமைத்தால் இன்னும் நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூரைக்குச் செலவு செய்ய முடியாது, எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்கவாவது கேளுங்கள். பூச்சு ஒரு நாள் வேலை. பலன் சில கோடைகளுக்கு நிற்கும்.

ஏசி போடும் முன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, பகல் முழுக்க அடைந்து கிடந்த சூட்டை வெளியே தள்ளுங்கள். வெளிக்காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில் இது இலவசமாகக் கிடைக்கும் குளிர். அதிகாலையிலும் அப்படித்தான். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால் அறைக்குக் கொஞ்சம் புதுக்காற்றும் கிடைக்கும். மூடிய அறையில் நாலு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சுதான் காலையில் வருகிற தலைபாரத்துக்குப் பல சமயம் காரணம். பலரும் ஏசிக் காற்றின் மேல் பழி போடுகிறார்கள்.

இனி ஈரம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆசிரியர் அவர்களே, உங்கள் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் ஓர் உறவு இருக்கிறது. இன்றைய ஏசிக்கு முன்னோடியான மெஷினை 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர் வடிவமைத்தது மனிதர்களுக்காக இல்லை, நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரியும், குறைந்தால் சுருங்கும். ஒரு வண்ணம் அச்சடித்த தாளில் அடுத்த வண்ணம் இடம் மாறி விழுந்துகொண்டிருந்தது. காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லும் கதை இது. ஏசியின் முதல் வேலை குளிர் மட்டுமே என்று நினைத்தால் பாதி வேலையை மறந்துவிடுவார்கள்.

டிரெயின் பைப்பில் சொட்டுகிற தண்ணீர் அறைக் காற்றிலிருந்து பிழிந்தது. ஒரு லிட்டர் நீராவியைத் தண்ணீராக்க ஏறக்குறைய 0.7 யூனிட் அளவு வெப்பத்தை மெஷின் சுமக்க வேண்டும். ராத்திரியில் எட்டு லிட்டர் சொட்டினால் ஐந்தரை யூனிட் வெப்பம், அதற்கு மட்டும் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் மின்சாரம். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி, சரியாகச் சாத்தாத ஜன்னல், படுக்கையறையில் காயப்போட்ட ஈரத்துணி, திறந்தே கிடக்கும் குளியலறைக் கதவு. ஒரு வீட்டில் ஏசி அறைக்குள் கொடி கட்டி, துணி சீக்கிரம் காய்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். அந்தத் துணியைக் காயவைக்கத்தான் அவர்கள் ராத்திரி முழுக்க மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய துணியைச் சுருட்டிக் கதவடியில் வைத்தாலே அந்த வழியாக வரும் ஈரம் குறையும்.

தேவைக்கு மேல் பெரிய மெஷினை நான் வேண்டாம் என்று சொல்வதும் இந்த ஈரத்தால்தான். சிறிய அறையில் இரண்டு டன் சாதா ஏசியைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் காற்றைக் குளிர்வித்துவிட்டு கம்ப்ரஸர் நின்றுவிடும். இண்டோர் யூனிட்டுக்குள் குளிர்ந்திருக்கும் குழாய்ச் சுருளான காயிலில் படிந்த ஈரம் சொட்டி வெளியேறும் முன்பே நின்றுவிடுவதால் அதில் ஒரு பங்கு மறுபடி அறைக்கே வந்துவிடும். குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். உடனே ரிமோட்டை எடுத்து இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள். அளவான மெஷின் நிதானமாக, அதிக நேரம் ஓடி ஈரத்தையும் இழுத்தால் 26 டிகிரியே சுகமாக இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் அளவுக்கு மிஞ்சியதை அதுவும் ஓரளவுக்குத்தான் சமாளிக்கும்.

16 டிகிரியைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால் என் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். ரிமோட்டில் 16 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறு. அறை 34 டிகிரியில் இருக்கும்போது 16 வைத்தாலும் 25 வைத்தாலும் மெஷின் முழு மூச்சோடுதான் ஓடும். 25-ஐத் தொட ஆகும் நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். 25 வைத்தவர் மெஷின் நிற்கும், அல்லது வேகம் தணியும். 16 வைத்தவர் மெஷின், கோடை மத்தியானத்தில் எட்டவே முடியாத ஓர் எண்ணைத் துரத்திக்கொண்டு விடாமல் ஓடும். வெளிக்கும் உள்ளுக்கும் இருக்கும் வித்தியாசம் கூடக்கூடச் சுவர், கூரை, இடுக்கு எல்லா வழியிலும் வெப்பம் வேகமாக உள்ளே வரும். ஒவ்வொரு டிகிரிக்கும் விலை உண்டு. 26 வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். காற்று மேலே படும்போது உடம்புக்கு இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். சாதாரண மின்விசிறி 75 வாட், புதிய வகை அதில் பாதிகூட இல்லை. ஒன்றரை டன் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடினால் 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். மின்விசிறி ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை இல்லை. யாரும் இல்லாத அறையில் அது சுற்ற வேண்டியதில்லை.

ஃபில்டர் விஷயத்தில் வாசகர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இண்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலை போல் வரும், அவ்வளவுதான். எந்தக் கருவியும் வேண்டாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில் பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வெந்நீர் வேண்டாம், வலை நெளிந்துவிடும். தூசி அடைத்தால் காயிலுக்குப் போதுமான காற்று வராது. காயிலின் மேல் ஐஸ் கட்டும். ஐஸ் கட்டியபின் காற்று இன்னும் அடைபடும். பார்ப்பவர் "கேஸ் இல்லை" என்பார். ஐஸ் கண்டால் மெஷினை நிறுத்தி, ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள், மறுபடி போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் கட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

கேஸ் என்றதும் என் தொழிலில் இருப்பவர்களுக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓட்டை இல்லாவிட்டால் பத்து ஆண்டுகள் ஆனாலும் குறையாது. "வருஷா வருஷம் ரொப்பணும்" என்று யாராவது சொன்னால், "எங்க லீக் ஆகுது, காட்டுங்க" என்று கேளுங்கள். குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் சோப்பு நுரை வைத்தால், ஓட்டை இருந்தால் குமிழி வரும். அதில் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஓட்டையை அடைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வாக்குவம் போட்டு, எடை பார்த்துக் கேஸ் ஏற்றுவதுதான் வேலை. எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் பட்டையிலேயே எழுதியிருக்கும். தராசு இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்து ரொப்புகிறவரை நம்பாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். தார்ப்பாய் வீட்டில் மூன்று முறை ரொப்பியவர்களும் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

இதில் பணத்தைத் தாண்டிய ஒரு விஷயம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் அப்போதைய ஏசிகளில் இருந்த ஆர்-22 என்ற கேஸை சர்வ சாதாரணமாகத் திறந்து காற்றில் விட்டிருக்கிறோம். குழாயைச் சுத்தம் செய்யக்கூட அதையே அடித்தோம். அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதும், ஓசோன் அரிப்பைத் தடுக்க 1987-லேயே கனடாவின் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டார்கள் என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு கிலோ ஆர்-22, நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, சூடாக்குவதில் அதைவிட மோசம். இப்போது பரவலாக வரும் ஆர்-32 அந்த அளவில் 675. குறைவுதான், ஆனால் தீப்பற்றக்கூடியது. தெரியாதவர் கையில் கொடுக்கக்கூடாது. அறையைக் குளிர்விக்கப் போய் வானத்தைச் சூடாக்கிய அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஓட்டையை அடைக்காமல் மறுபடி மறுபடி ரொப்புவதும் அதே காரியம்தான்.

கடைசியாக, நான் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்காமல் விடக்கூடாது என்று நினைத்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

வீடு கட்டும்போது ஏசிக்கான பிளக் பாயிண்ட் எங்கே என்று யோசிக்கிறார்கள். இண்டோர் யூனிட் எந்தச் சுவரில் அழகாக இருக்கும் என்று யோசிக்கிறார்கள். அவுட்டோர் யூனிட் எங்கே உட்காரும், அதைச் சர்வீஸ் செய்கிறவன் எங்கே நிற்பான் என்று யாரும் யோசிப்பதில்லை. இரண்டு அடி அகலச் சந்தில் நாலு மாடிக்கு நாலு யூனிட்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிடுகிறார்கள். கீழ் யூனிட் கக்கும் சூட்டை மேல் யூனிட் இழுக்கிறது. நாலாவது மாடிக்காரர் தன் மெஷின் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறார். சிலர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று நெருக்கமான மரச்சட்டம் போட்டு மறைக்கிறார்கள். தார்ப்பாய் செய்த அதே வேலையை அதுவும் செய்கிறது.

என்னிடம் வேலை கற்ற ஒரு பையன், இருபத்திரண்டு வயது, மூன்றாவது மாடியில் இப்படித் தொங்கிய ஒரு யூனிட்டுக்காக ஜன்னல் வழியாக இறங்கினான். நிற்க இடமில்லை. ஒரு காலை யூனிட்டின் பிராக்கெட் மேல் வைத்தான். அது 12 ஆண்டுகள் மழையில் நனைந்த இரும்பு. பெயின்டுக்கு அடியில் துரு தின்றிருந்தது வெளியே தெரியவில்லை. இரண்டாம் மாடி சன்ஷேடில் விழுந்ததால் உயிர் பிழைத்தான். இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது மாதம் படுக்கை. கயிறு கட்டாமல் அவனை இறங்க விட்டது என் தவறு. அன்றிலிருந்து இடுப்புக் கயிறு இல்லாமல் என் பையன்கள் யாரும் ஜன்னலைத் தாண்டுவதில்லை. வாடிக்கையாளர் "பக்கத்து வீட்டுக்காரர் வச்சிருக்கிற ஆள் சும்மாவே ஏறுறாரே" என்றால் அவரையே கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடமும், கட்டித் தருகிறவர்களிடமும், வரைபடம் போடும் பொறியாளர்களிடமும் உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்கிறேன். அவுட்டோர் யூனிட்டுக்கு ஒரு பால்கனி ஓரமோ, ஆள் நிற்க இரண்டடி அகலமுள்ள, கைப்பிடி வைத்த ஒரு மேடையோ விடுங்கள். நேர் வெயில் படாத பக்கமாக இருந்தால் நல்லது. பின்னால் ஒரு சாண் இடைவெளியும் முன்னால் முழுவதும் திறப்பும் இருக்கட்டும். மெஷினுக்கு நல்ல காற்று கிடைத்தால் உங்கள் மின்கட்டணம் குறையும். யூனிட்டின் மெல்லிய தகடுகளான ஃபின்னில் அடைத்த தூசியைப் பயமில்லாமல் நின்று கழுவ முடிந்தால் மெஷின் பல ஆண்டுகள் உழைக்கும். ஏற்கெனவே சுவரில் தொங்கவிட்டிருப்பவர்கள் இந்தக் கோடை சர்வீஸின்போது பிராக்கெட்டையும் போல்ட்டையும் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அந்தப் பையன் இப்போது நடக்கிறான். ஏணி ஏறுவதில்லை. கீழே என் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலையை அவன்தான் பார்க்கிறான். "ஏசி குளிரல" என்று யார் கூப்பிட்டாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "அவுட்டோர் யூனிட்டை ஏதாச்சும் போட்டு மூடியிருக்கீங்களாக்கா?" இரண்டாவது கேள்வி, "ஆள் நிக்க இடம் இருக்கா?"

இப்படிக்கு,
ஓர் ஏசி மெக்கானிக்